பெயர்ப்பலகை இல்லாத நிலையம்

மார்ச் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில், தெற்கு மூலையில், ஒரு கழிப்பறை திறந்து வைக்கப்பட்டது. சுகாதாரத் துறைச் செயலாளர் நாடாவை வெட்டினார்.

அந்தக் கழிப்பறை கட்டி முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. செயலாளரின் தேதி கிடைக்காததால் அதுவரை அதைப் பூட்டி, குறுக்கே நாடா கட்டி வைத்திருந்தார்கள். நாடா இரண்டு முறை நிறம் மங்கி, இரண்டு முறை மாற்றப்பட்டது.

கழிப்பறை ஒரு பயிற்சி நிலையத்துக்குச் சொந்தமானது. பெரியவர்கள் சிலருக்கு மலத்தை அடக்க முடியாமல் போகிறது. அதற்கு மருந்தும் கத்தியும் இல்லாமல், பழக்கத்தாலும் பயிற்சியாலும் தீர்வு காண்பது நிலையத்தின் வேலை. ஆனால் இதை இப்படி வெளிப்படையாக நிலையத்துக்குள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அங்கே அதற்குப் பெயர் 'அந்த விஷயம்'.

வாசலில் பெயர்ப்பலகை வைக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். 'மலம்' என்ற சொல்லை அரசுப் பலகையில் எழுதுவது முறையாகாது என்றார் குழுத் தலைவர். 'குடல்' என்று போடலாம் என்றார் ஓர் உறுப்பினர். கசாப்புக் கடை ஞாபகம் வருகிறது என்றார் இன்னோர் உறுப்பினர். 'கழிவு' என்ற சொல் நகராட்சிக்குப் போய்விட்டது. கடைசியில் பலகைக்கு வெள்ளை அடித்து, எதுவும் எழுதாமல், ஆணியில் மாட்டினார்கள். குழு கலைக்கப்பட்டது.

அந்த வெள்ளைப் பலகையின் முன்னால் அறிவிப்பாளர் முதன்முதலாக வந்து நின்றது, திறப்பு விழாவுக்கு முந்தைய நவம்பரில்.

அந்தப் பெண்ணுக்கு வயது ஐம்பத்திரண்டு. பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி அறையில் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது புறப்படுகிறது, யாருடைய குழந்தை காணாமல் போய்க் கிடைத்திருக்கிறது என்பதையெல்லாம் ஊர் அவர் குரலில்தான் கேட்டது. பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார். மேலதிகாரிகள் அதைப் பணிவு என்று நினைத்தார்கள். ஒலிபெருக்கி அறையின் அடுத்த கதவு கழிப்பறை. மாடியில் இருந்த நிர்வாக அலுவலகத்தில் அப்படியொரு கதவு பக்கத்தில் இல்லை.

மகள் பிறந்தபோது ஆயுதம் போட்டு எடுத்தார்கள். கிழிந்தது, தைத்தார்கள். இளம் வயதில் எதுவும் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு அந்த இடம் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. கணவர் இறக்கும்வரை அவருக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். சில வருடங்களுக்கு முன், அண்ணன் ஊருக்குப் போகும் வழியில், பேருந்தில் அது நடந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். பின்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்டது, அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு அறிவிப்பாளர் எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. மற்றவர்களை ஏறச் சொல்வதோடு சரி.

இப்போது அண்ணனுக்கு நுரையீரலில் புற்று வந்திருந்தது. கோடைக்குள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம். வாடகைக் கார் அவர் சம்பளத்துக்கு எட்டாது. போய் அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் நிலையத்துக்கு வந்த காரணம்.

பதிவு மேசையில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த விஷயமா வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"நடத்தைச் சான்றிதழ் இருக்கா?"

"அது எதுக்கு?"

"இது நடத்தைப் பயிற்சி நிலையம்மா. நல்ல நடத்தைன்னு யாராவது எழுதிக் கொடுத்தாத்தான் சேத்துக்குவாங்க."

"நடத்தை சரியா இருந்தா நான் ஏம்மா இங்க வரப்போறேன்?"

பதிவு மேசைப் பெண் இதை யோசித்துப் பார்த்தாள். "எனக்கும் தோணியிருக்கு. ஆனா கேக்க முடியாது."

பேருந்து நிலைய மேலாளரிடம், வாடகை வீட்டுக்குக் கேட்கிறார்கள் என்று பொய் சொல்லி அறிவிப்பாளர் சான்றிதழ் வாங்கி வந்தார். நல்ல நடத்தை உள்ளவர் என்று நிரூபிக்க அவர் சொன்ன முதல் பொய் அது.

அன்று அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் ஒரு லாரி ஓட்டுநர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் வந்தது குடியை நிறுத்த. குடிப் பழக்கத்துக்கான பிரிவு முன்பு மூன்றாம் தளத்தில் இருந்தது, பிறகு கீழே மாற்றிவிட்டார்கள். அவருக்கு அது தெரியாது. வெள்ளைப் பலகையும் எதையும் சொல்லவில்லை.

"அந்த விஷயமா?" என்றாள் பதிவு மேசைப் பெண்.

"அதேதாங்க."

"ரொம்ப நாளாவா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே."

"வீட்ல தெரியுமா?"

"ஊருக்கே தெரியுங்க. போன மாசம் சந்தைக்கு நடுவுல ஆயிப்போச்சு. நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க."

அவள் கண்ணில் நீர் வந்தது. எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள்.

பயிற்சியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது சரியான பயிற்சிதான். அடிப்பகுதித் தசையை இறுக்கி, பிடித்து, மெதுவாக விட வேண்டும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தினமும் ஒரே வேளையில் கழிப்பறையில் போய் உட்கார வேண்டும். உந்துதல் வந்தால் பதறி ஓடக் கூடாது, நின்று மூச்சை விட்டு, அது தணிந்ததும் நடக்க வேண்டும். வீட்டில் ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பலன் இருந்தது. அறிவிப்பாளருக்கும் இருந்தது. நிலையம் இல்லாமலிருந்தால் இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்கலாம்.

பயிற்சிக் கழிப்பறை நாடாவுக்குப் பின்னால் இருந்ததால், பயிற்சிக்கு வந்தவர்கள் அதன் மூடிய கதவைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடத்தை அலுவலர் கையைத் தட்டி, "இப்ப உள்ள இருக்கறதா நெனச்சுக்குங்க" என்பார். எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். சிலர் கொஞ்சம் அதிகமாக நினைத்துவிடுவதும் உண்டு. வேலை செய்கிற கழிப்பறை கீழ்த்தளத்தில், மருந்தகத்தைத் தாண்டி, வடக்குக் கோடியில் இருந்தது. வயதான பெண் ஒருவர் இதைப் பற்றி நிலைய இயக்குநரிடம் கேட்டார்.

"அம்மா, அது தற்செயல் இல்லை" என்றார் இயக்குநர். அவர் யாரிடமும் மேடைத் தமிழில்தான் பேசுவார். "இந்தக் கட்டடத்தின் அமைப்பே ஒரு சிகிச்சை. கீழே போய்ச் சேரும்வரை தாங்கினால் நீங்கள் தேறிவிட்டீர்கள். தாங்கவில்லை என்றால் உங்களுக்கு நாங்கள் தேவை. இரண்டில் எது நடந்தாலும் நிலையத்தின் கொள்கைக்கு வெற்றி."

கருவி ஒன்றும் இருந்தது. சிறு பலூன் ஒன்றை உள்ளே வைத்து, தசை எவ்வளவு இறுகுகிறது என்பதைத் திரையில் கோடாகக் காட்டும். நோயாளி அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தன் தசையைப் பழக்க வேண்டும் என்பதற்காகவே அதைக் கண்டுபிடித்தார்கள். நிலையத்தில் திரை அலுவலரின் பக்கம் திரும்பியிருந்தது.

"எனக்குத் தெரியலையே சார்" என்றார் அறிவிப்பாளர், படுத்தபடி.

"உங்களுக்குத் தெரியக் கூடாதும்மா. நோயாளியோட தகவல் ரகசியம்."

"நோயாளி நான்தானே?"

"அதனாலதான் சொல்றேன். உங்க ரகசியத்தை நாங்க யாருக்கும் காட்டறதில்ல."

அலுவலர் திரையைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார், ஒரு முறை உதட்டைப் பிதுக்கினார். அதை வைத்து அறிவிப்பாளர் தன் தசையை ஊகித்துக்கொண்டார்.

வருகைக்கும் விதி இருந்தது. நடுவில் ஒரு நாள் வராதவர் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். திரும்பி வரவே வராதவர் குணமானவர். பிரச்சினை இருந்தால் வந்திருப்பாரே என்பது இயக்குநரின் வாதம். நிலையத்தில் குணமானவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆனால் கண்ணெதிரே குணமானவர் ஒருவரும் இல்லாதது ஒரு குறையாகவே இருந்தது. லாரிக்காரர் அந்தக் குறையைத் தீர்த்தார். அவருடைய கோடு முதல் நாளிலிருந்தே திரையின் உச்சியைத் தொட்டது. எவ்வளவு நேரம் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்தார். கீழே ஓடியதே இல்லை. இயக்குநர் மற்றவர்களுக்கு அவரைச் சுட்டிக் காட்டினார். "மன உறுதி. வேறொன்றும் இல்லை. பாருங்கள் இவரை." மற்றவர்கள் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் மன உறுதியை நொந்துகொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள், வகுப்பு முடிந்து மருத்துவமனை வாசல் டீக்கடையில் லாரிக்காரர் கேட்டார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எந்தக் கடை?"

"எந்தக் கடைன்னா?"

"வழக்கமா எங்க வாங்குவீங்க? பொம்பளைங்க கடைக்குப் போறது கஷ்டமில்ல? ஆள விட்டு வாங்குவீங்களோ?"

"மருந்துக் கடைல நானேதான் வாங்குவேன். பேப்பர்ல சுத்திக் கொடுப்பாங்க."

"மருந்துக் கடைலயா? அங்கயும் விக்கறாங்களா?" அவர் டம்ளரை வைத்தார். "எந்த ஊர்லக்கா இருக்கோம் நாம."

அறிவிப்பாளர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். கணவரிடம் சொல்லாததை, மகளிடம் சொல்லாததை, டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து ஒரு லாரிக்காரரிடம் சொன்னார். தனக்கு அடக்க முடிவதில்லை என்றார். அங்கே வருகிற எல்லாருக்கும் அதுதான் என்றார்.

லாரிக்காரர் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார்.

"அப்ப நான் சேந்ததுலருந்து..."

"ஆமா தம்பி."

"அந்தப் பலூன்..."

"ஆமா."

"குடியை நிறுத்த எதுக்கு அங்க போய் வைக்கறாங்கன்னு யோசிச்சேங்க்கா. படிச்சவங்க, ஏதாவது நரம்பு போகும்னு விட்டுட்டேன்."

அறிவிப்பாளர் சிரித்தார். சிரிக்கும்போது பயந்து, இறுக்கிப் பிடித்து, மறுபடி சிரித்தார். அவரும் சிரித்தார்.

"கீழ்த்தளத்துக்குப் போ தம்பி. அங்கதான் உனக்கு."

"எதுக்குக்கா? வந்ததுலருந்து ஒரு சொட்டு தொடல. வேகம் வந்தா ஓடாதே, நில்லு, இறுக்கு, மூச்ச விடு, தணிஞ்சதும் நடன்னாங்க. கடை வாசல்ல நின்னு அதத்தான் செஞ்சேன். தணியுது. நடந்து வீட்டுக்குப் போயிடறேன்."

அவருக்கு இன்னொரு கட்டாயமும் இருந்தது. நிலையத்தின் முழுமைச் சான்றிதழைப் பார்த்தால்தான் லாரிச் சாவியைக் கொடுப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை அவர் அடுத்தவர் வண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சான்றிதழில் 'கட்டுப்பாட்டில் முழுமை பெற்றார்' என்று மட்டுமே இருக்கும், எதில் என்று இருக்காது. அதனால் அது அவருக்கும் செல்லும்.

அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மின்சாரப் பணியாளர். சின்ன வயதில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த தங்கைக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"ரேடியோ, இன்னிக்கு ஒலிபரப்பு உண்டா?"

"உண்டுண்ணா. எப்படி இருக்க?"

"நான் இருக்கேன். டாக்டர் முகத்தைத்தான் பாக்க முடியல. நான்தான் அவனைத் தேத்தி அனுப்பறேன். நீ எப்ப வர?"

"லீவு கிடைக்கலண்ணா."

"ஊரையே பஸ் ஏத்தி அனுப்பற. உன்னை ஏத்திவிட ஆள் இல்லையா?" கொஞ்சம் இருமினார். "அன்னிக்கு உன் வீட்டுக்காரரை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனுஷனே போய்ச் சேந்துட்டாரு. இன்னும் அதையா மனசுல வச்சிட்டிருக்க?"

"அதெல்லாம் இல்லண்ணா."

"அப்புறம் என்னடி?"

அந்தக் கேள்விக்குப் பல வாரங்களாக அவர் பதில் சொல்லவில்லை. லாரிக்காரரிடம் வாய் திறந்த பிறகு வந்த திங்கட்கிழமை சொன்னார். அது மார்ச் மாதத்தின் முதல் திங்கள்.

"அண்ணா, எனக்கு வெளிக்குப் போறதை அடக்க முடியலண்ணா. ரொம்ப வருஷமா. பஸ்ஸுல வர பயமா இருக்கு."

மறுமுனையில் இருமல்போல ஒன்று கேட்டது. அது இருமல் இல்லை.

"இதுக்காடி?"

"சிரிக்காதண்ணா."

"உன்னைப் பாத்துச் சிரிக்கல. எனக்கு இங்க கட்டி விட்டிருக்காங்கடி, கைக்குழந்தைக்குக் கட்டற மாதிரி. உங்கண்ணி மாத்தும்போது நான் கண்ணை மூடிக்கறேன். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேந்து வெக்கப்பட்டிருக்கலாம்ல?"

அவர் அழுதார். அண்ணன் அழவிட்டார்.

"சீக்கிரம் வா ரேடியோ. நான் ரொம்ப நாள் காத்திருக்கற ஆள் மாதிரி தெரியல."

செய்தியைக் கேட்டதும் லாரிக்காரர் வழி சொன்னார். முதலாளியின் லாரி அந்தப் பக்கம்தான் போகிறது. லாரியை எந்த மரத்தடியிலும் நிறுத்தலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சான்றிதழ் கையில் வந்தால் அன்றைக்கே கிளம்பலாம்.

செவ்வாய்க்கிழமை இருவரும் இயக்குநர் அறைக்குப் போனார்கள். லாரிக்காரரின் சான்றிதழ் மேசைமேல் இருந்தது. கையெழுத்து காய்ந்திருந்தது.

"ஐயா, எங்க அண்ணன் சாகக் கிடக்கறார். இவர்தான் என்னைக் கூட்டிட்டுப் போகணும். அதை இப்பவே கொடுத்தீங்கன்னா..."

"உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது" என்றார் இயக்குநர். "ஆனால் சான்றிதழ் என்பது என்ன? மேடையில், செயலாளர் கையால், நான்கு பேர் பார்க்க வழங்கப்படுவது. இப்போது எடுத்துக் கொடுத்தால் அது வெறும் காகிதம். உங்களுக்கு வெறும் காகிதத்தைக் கொடுத்து ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை."

"சார், எனக்கு வெறும் காகிதம் போதும் சார்" என்றார் லாரிக்காரர்.

"நீங்கள் இந்த நிலையத்தின் முதல் முழு வெற்றி. நீங்கள் இல்லாமல் விழா எதற்கு?" பிறகு அறிவிப்பாளர் பக்கம் திரும்பினார். "அம்மா, நான்கு மாதம் கட்டுப்பாடு கற்றிருக்கிறீர்கள். வியாழக்கிழமைவரை பொறுக்க முடியாதா? இரண்டு நாள்தானே."

அறிவிப்பாளர் உந்துதல் வந்தவர்போல எழுந்து நின்றார். மூச்சை விட்டார். தணிந்ததும் நடந்து வெளியே போனார். கற்றுக்கொடுத்தபடியே செய்தார்.

வியாழக்கிழமை விழா மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். அறிவிப்பாளரும் லாரிக்காரரும் பயணப் பையோடு வந்திருந்தார்கள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்தார்கள். பயிற்சிக்கு வந்தவர்களை நடு வரிசைகளில், கூட்டம் நிறைந்து தெரியும்படி, நெருக்கி உட்கார வைத்தார்கள். செயலாளர் தாமதமாக வந்தார். அவர் வந்ததும் பாதுகாப்புக்காகக் கதவுகளைச் சாத்தினார்கள்.

நாடா வெட்டப்பட்டது. கைதட்டினார்கள். இயக்குநர் பேசினார்.

"மனிதனை விலங்கிலிருந்து பிரிப்பது எது? மொழி என்பார்கள் சிலர். சிந்தனை என்பார்கள் சிலர். காத்திருத்தல் என்பேன் நான். எங்கள் பயனாளிகளுக்கு நாங்கள் கற்றுத் தருவது அதைத்தான். பதிவுக்குக் காத்திருக்கிறார்கள். கருவிக்குக் காத்திருக்கிறார்கள். இதோ இந்த அறைக்கு ஒன்றரை ஆண்டு காத்திருந்தார்கள். ஒருவரும் முறையிடவில்லை. முறையிட வேண்டும் என்றால் அந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார்கள். அந்த நாகரிகத்தின் மீதுதான் இந்த நிலையம் நிற்கிறது."

செயலாளர் லாரிக்காரருக்குக் கேடயத்தையும் சான்றிதழையும் கொடுத்தார். கொடுக்கும்போது குனிந்து, "எதுக்குத் தம்பி இங்க வந்தீங்க?" என்று கேட்டார். அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"குடிக்கு சார்."

செயலாளர் முகம் மலர்ந்தது. ஒலிவாங்கியைப் பிடித்தார். குடி எத்தனை குடும்பங்களைக் கெடுக்கிறது என்று தொடங்கினார். தன் சொந்த மாமன் ஒருவரைப் பற்றிச் சொன்னார். நடு வரிசைகளைக் கையால் காட்டி, "இவர்கள் எல்லாம் நேற்றுவரை தெருவில் விழுந்து கிடந்தவர்கள்" என்றார். இயக்குநர் திருத்தவில்லை. திருத்த வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அவர் கைதட்டினார். நடத்தை அலுவலர் கைதட்டினார். தெருவில் ஒரு நாளும் விழாத, தெருவுக்கே வரப் பயந்து வருடக்கணக்காக வீட்டுக்குள் இருந்த அந்த மனிதர்கள், தாங்களும் கைதட்டினார்கள்.

செயலாளர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நடு வரிசைகளில் இருந்தவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெற்றியில் மட்டும் வேர்த்திருந்தது. அறிவிப்பாளர் இறுக்கினார், பிடித்தார், விட்டார். தாங்கினார். அவருடைய பயிற்சிக் காலத்தில் அதுதான் மிக நீண்ட நேரம். அதைத் திரையில் பார்க்க யாரும் இல்லை.

கூட்டம் கலைந்தது. அவருக்கு முன் வரிசையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் எழவில்லை.

"நீங்க போங்கம்மா. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

அறிவிப்பாளருக்கு அந்தக் குரல் தெரியும். அதே வார்த்தைகளை அவர் ஒரு பேருந்து நடத்துநரிடம் சொல்லியிருக்கிறார். லாரிக்காரர் பயணப் பையிலிருந்து மாற்றுத் துணி எடுத்தார். இருவருமாகத் தலைமையாசிரியரை, அப்போதுதான் திறந்து வைத்த கழிப்பறைக்குக் கூட்டிப் போனார்கள். குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் இணைப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை. லாரிக்காரர் கீழ்த்தளத்துக்குப் போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நாப்பது வருஷம் பசங்களை எழுந்து நில்லுன்னு சொன்னவன்மா நான்" என்றார் தலைமையாசிரியர்.

"யாருக்கும் தெரியாது சார். எல்லாரும் போயிட்டாங்க."

கூடையில் கடைசியாக இருந்தது அறிவிப்பாளரின் போன். அண்ணன் மகன் பலமுறை கூப்பிட்டிருந்தான். அவர் திரும்பக் கூப்பிட்டார்.

"அத்தை, எங்க போனீங்க? அப்பா உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தாரு. போனைக் காதுல வைன்னாரு. வச்சேன். மணி அடிக்கறதைக் கேட்டுட்டே இருந்தாரு."

"இப்ப கொடுப்பா."

 போனை அவன் அம்மா வாங்கினார். அண்ணன் இறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. செயலாளர் தன் மாமனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

முதலாளி சான்றிதழைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார். வாழ்த்தவும் செய்தார். லாரி இரவு முழுக்க ஓடியது. லாரிக்காரர் பல இடங்களில் வேகத்தைக் குறைத்து, "நிறுத்தட்டுமாக்கா?" என்று கேட்டார். வேண்டாம் என்றார் அறிவிப்பாளர். 

விடிந்தபோது போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் கூடத்தில் கிடந்தார். அவருடைய கட்டிலும் மாத்திரைகளும் ஆக்சிஜன் உருளையும் கூடத்தில், தெருச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தன. அழுகை ஓய்ந்த ஒரு நேரத்தில் அறிவிப்பாளர், ஏன் அவரை இங்கே கொண்டுவந்து போட்டீர்கள் என்று அண்ணியிடம் கேட்டார்.

"நான் எங்க போட்டேன்" என்றார் அண்ணி. "நல்லா காத்து வர்ற உள்ரூம்லதான் இருந்தாரு. பாத்ரூமும் அதுலயே இருக்கு, எனக்கும் சுத்தம் பண்ண வசதி. திங்கக்கிழமை உன்கிட்ட பேசினாருல்ல, செவ்வாக்கிழமை காலைல பையனைக் கூப்பிட்டு, கட்டிலைக் கூடத்துல போடு, அந்த ரூம் ரேடியோவுக்கு வேணும்னாரு. ஏங்க, அவ எங்க வேணா படுத்துக்குவாளே, முடியாத மனுஷன் நீங்க எதுக்கு மாறணும்னு சண்டை போட்டேன். காரணம் சொல்லல. எத்தனை தடவை கேட்டும் சொல்லல. என்னம்மா விஷயம்?"

அறிவிப்பாளர் எழுந்து உள்ளறைக்குப் போனார். புது விரிப்புப் போட்டிருந்தது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் புதிதாக இருந்தது. அண்ணன் படுத்தபடியே பையனிடம் சொல்லிப் பொருத்த வைத்திருந்தார்.

அவர் வெளியே வந்து அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னார். அண்ணி அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நிலையத்தின் அந்த ஆண்டு அறிக்கையில், திரும்பி வராத அறிவிப்பாளர் குணமானவர்களோடு சேர்க்கப்பட்டிருந்தார். தலைமையாசிரியரும் சேர்க்கப்பட்டிருந்தார். குடியை ஒழிப்பதில் ஆற்றிய தொண்டுக்காக நிலையத்துக்குச் செயலாளரின் பரிந்துரையில் இன்னொரு கருவி ஒதுக்கப்பட்டது.

அறிவிப்பாளர் அண்ணன் வீட்டில், உள்ளறையில், பத்து நாள் தங்கினார். பிறகு பேருந்தில் ஊர் திரும்பினார். வழியில் இரண்டு முறை ஓட்டுநரிடம் போய் நிறுத்தச் சொன்னார். ஓட்டுநர் இரண்டு முறையும் நிறுத்தினார்.